மணியைப் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

காங்கேயத்தில் நம் செக்குக் கடைக்கு வருகிறவர்களில் எங்கள் நாய் மணியைத் தெரியாதவர் யாரும் இருக்க முடியாது. போன வாரம் அவனைப் பற்றிய ஒரு வீடியோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. "கிழநாயை இடுப்பில் துணி கட்டி இழுக்கிறார்கள், புதுக்குட்டி வந்ததும் பழசை ஒதுக்கிவிட்டார்கள்" என்று கீழே எழுதியிருந்தது. நாலைந்து பேர் நேரிலேயே கேட்டுவிட்டார்கள். கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

அந்தத் துணி, வீட்டுத் துண்டு. மணிக்கு 13 வயது ஆகிறது. இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. எழ வேண்டுமென்றால் முன்காலை ஊன்றுவான், பின்பக்கம் வராது. அப்படியே உட்கார்ந்து எங்கள் முகத்தைப் பார்ப்பான். பின்னங்காலுக்கு முன்னால் அடிவயிற்றில் துண்டைக் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டால் பாதிப் பாரம் நம் கைக்கு வந்துவிடும், அவன் நடப்பான். கால்நடை மருத்துவர் சொல்லிக் கொடுத்த முறை இது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, ராத்திரி 2 மணிக்கும் ஒரு தடவை, இப்படித்தான் வெளியே கூட்டிப் போகிறோம். இழுக்கவில்லைங்க, தாங்கிப் பிடிக்கிறோம். களத்தில் கொப்பரை காயும்போது காக்கா அண்டவிடாமல் வெயிலில் நின்றவனை இழுக்க எங்களுக்கு மனசு வருமா?

குட்டியைக் காசு கொடுத்து வாங்கவில்லை. களத்து ஓரம் யாரோ விட்டுப்போனது. ராத்திரிக் காவலுக்கு ஒன்று தேவைப்பட்டதும் உண்மைதான், அதை மறைக்கவில்லை. வந்த மறுநாளே பூச்சி மருந்து, அப்புறம் முதல் தடுப்பூசி. பார்வோ (நாய்களுக்கு வரும் வாந்தி, பேதி வைரஸ் நோய்) மாதிரி ஏதாவது இருந்தால் இரண்டுக்கும் ஆபத்து என்று இரண்டு வாரம் தனி அறையில் வைத்தோம். அது முடிந்த பிறகு, முதலில் குட்டி படுத்த சாக்கை மட்டும் மணி பக்கத்தில் போட்டோம். ரொம்ப நேரம் மோந்து பார்த்தான். அப்புறம் தலையை அதன் மேல் வைத்துத் தூங்கிவிட்டான். சரி, ஒத்துப்போய்விடும் என்று நினைத்தோம்.

தப்பு அங்கேதான் நடந்தது. முதல் சந்திப்பைப் பக்கத்துக் காலி இடத்தில், இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். நாங்கள் அவசரப்பட்டு மணி படுக்கும் இடத்துக்கே குட்டியை விட்டோம். ஊசி மாதிரி பால்பல்லால் அது அவன் காதைக் கடித்து இழுத்தது. நல்ல காலுள்ள நாய் எழுந்து தள்ளிப் போகும். மணியால் முடியாது, உறுமினான். குட்டி விடவில்லை. வெடுக்கென்று கடித்துவிட்டான். மூக்கில் சின்னக் கீறல்தான், ஆனால் குட்டி கத்திய கத்து தெருவுக்கே கேட்டது. மணியை நாங்கள் அதட்டவில்லை. உறுமுவது அவன் தரும் எச்சரிக்கை. அதற்குத் திட்டினால், அடுத்த தடவை உறுமாமலே கடிப்பான்.

இப்போது நடுவில் ஒரு மூங்கில் படல் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஒதுக்கிவிட்டோம் என்கிறார்கள். படல் மணியின் நிம்மதிக்காக. குட்டியை நன்றாக ஓடவிட்டுக் களைத்த பிறகு, பத்து நிமிஷம் ஆள் பக்கத்தில் நின்று பார்க்கவிடுகிறோம். நேற்று குட்டி படலுக்கு அந்தப் பக்கம் படுத்தது, மணி இந்தப் பக்கம் முதுகை ஒட்டிப் படுத்தான்.

ஒரு வேண்டுகோள். மணிக்குச் சிறுநீரகமும் பலவீனம். எலும்பு, ஈரல் எல்லாம் நிறுத்திவிட்டோம். பாசத்தில் நீங்கள் போடும் பொறை, வர்க்கி, பிஸ்கட் வேண்டாம். ஒரு அண்ணா வலிக்குப் பாராசிட்டமால் தரச் சொன்னார். நல்ல மனசுதான், ஆனால் மனுசர் மாத்திரை நாய்க்கு விஷமாகிவிடும். எண்ணெய்த் தரையில் அவன் கால் வழுக்காமல் இருக்கத்தான் சாக்கு விரித்திருக்கிறோம், பார்த்து வாருங்கள்.

வீடியோவைப் பார்த்த அன்றே போன் செய்து "எங்களுக்குத் தெரியும், கவலைப்படாதீங்க" என்று சொன்ன அக்காக்களுக்கும், பழைய போர்வை கொண்டுவந்து கொடுத்த பெரியவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உங்களை நம்பித்தான் இத்தனை வருஷமாகச் செக்கு ஓடுகிறது.

மணிக்கு மருந்து கொடுத்துக் கொஞ்சம் தூங்கவைக்க, மதியம் 1 மணி முதல் 3.30 வரை கடை அடைத்திருக்கும். கொப்பரை விலையால் தேங்காய் எண்ணெய் லிட்டருக்கு 30 ரூபாய் கூடியிருக்கிறது.

மணியைப் பார்க்க நினைப்பவர்கள் தாராளமாக வாருங்கள். காலை 9 மணிவரை வேப்பமரத்தடியில்தான் இருப்பான். பின்பக்கமாகப் போய்த் தொடாதீர்கள், முன்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் செக்குக் கடைக்காரர்