எயார் ரைபிள் தோட்டத்துக்குச் சரி, வயல் வட்டைக்குச் சரிவராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேளாண்மை குடலைக்கு, அதாவது கதிர் வெளிவரப் போகிற பருவத்துக்கு, வந்தாலே நம் திருகோணமலைப் பக்கத்தில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும், ஆளுக்கொரு எயார் ரைபிள் கிடைத்தால் குருவித் தொல்லை தீர்ந்துபோகும் என்று. கமநல சேவை நிலையத்தில் உரத்துக்கு நிற்கும் வரிசையிலும் இதே கதை, தேத்தண்ணிக் கடையிலும் இதே கதை. அரசாங்கம் சும்மா தர வேண்டும் என்கிறார் ஒருவர், மானிய விலையில் தந்தாலே போதும் என்கிறார் இன்னொருவர். நான் தம்பலகாமப் பக்கத்தில் வயலும் வீட்டோடு ஒரு மேட்டுத் தோட்டமும் செய்கிறவன், அந்தத் துவக்கைக் கையில் பிடித்துச் சுட்டும் பார்த்தவன். என்னுடைய அபிப்பிராயம் இதுதான்: தோட்டத்துக்கு அது உதவும், வயல் வட்டைக்கு, அதாவது பலருடைய வயல்கள் அடுத்தடுத்துக் கிடக்கிற வெளிக்கு, உதவாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் தாருங்கள்.

இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே பலர் பேசுகிறார்கள். இதில் வெடிமருந்து கிடையாது. குழலை மடித்து உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை இழுத்து வைக்கிறோம், விசையை அழுத்தினால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளுகிறது, நெருங்கிய காற்று ஈயக் குண்டை வெளியே விடுகிறது. காற்றை முன்கூட்டியே நிரப்பி வைக்கும் சிலிண்டர் வகையும் உண்டு, ஆனால் அது விலை கூட, அதற்கென்று தனிப் பம்பும் வேண்டும். குண்டு பெரும்பாலும் 4.5 மில்லிமீற்றர் அல்லது 5.5 மில்லிமீற்றர். சின்னது அரைக் கிராம் அளவு, பெரியது ஒரு கிராம் அளவு, அவ்வளவுதான். இங்கிலாந்தில் லைசன்ஸ் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய எயார் ரைபிளுக்கு 12 அடி-இறாத்தல், அதாவது ஏறத்தாழ 16 ஜூல், என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அங்கே பண்ணைகளில் புறாவையும் காகத்தையும் சுடுகிறவர்கள் அந்தச் சக்தியை வைத்துக்கொண்டு 30, 40 மீற்றருக்குள் நின்றுதான் சுடுகிறார்கள். அதற்கு மேலே போனால் பறவை சாவதைவிடக் காயத்தோடு பறந்துபோவதுதான் கூட. 30 மீற்றருக்குக் குறி சரிசெய்த துவக்கால் 50 மீற்றரில் இருப்பதைச் சுட்டால் குண்டு அரைச் சாணுக்கும் மேல் கீழே இறங்கிவிடும், குருவியின் உடம்போ அதில் பாதிகூட இல்லை.

இன்னொரு விசயம், ஸ்பிரிங் துவக்கு சுடும்போது முன்னும் பின்னும் ஒரு உலுக்கு உலுக்கும். வரம்புக் கல்லிலோ பரண் கம்பிலோ இறுக்கி அழுத்தி வைத்துச் சுட்டால் குறி மாறிப்போகும், இளக்கமாகப் பிடிக்கப் பழக வேண்டும். பேணியை வைத்துப் பல நாள் பழகினால்தான் கை படியும். வாங்கின அன்றைக்கே வயலுக்குப் போகிறவர்கள் சுடுவது பறவையை அல்ல, காற்றை.

சரி, வயலுக்கு வருவோம். கதிர் பால் பிடிக்கும் நேரம் நெல்லுக்குருவி வருவது ஒன்று இரண்டாகவா? ஒரு கூட்டம் இறங்கினால் வயலின் ஒரு மூலை அப்படியே சாயும். ஒரு குருவியின் நிறை 15 கிராம் வராது. நீங்கள் ஒன்றைச் சுடுகிறீர்கள், கூட்டம் எழும்பி அடுத்தவன் வயலில் இறங்குகிறது, நீங்கள் குழலை மடித்து அடுத்த குண்டைப் போடுவதற்குள் திரும்ப உங்கள் வயலுக்கே வந்துவிடுகிறது. சத்தமும் பெரிதாக இல்லை, பழைய தகரத்தைத் தடியால் தட்டினால் அதைவிடக் கூடச் சத்தம் வரும். நாள் முழுக்க நின்றாலும் யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட கதைதான், கூட்டம் குறையாது, குண்டுதான் தீரும்.

அப்புறம் குண்டு எங்கே போகிறது என்ற கேள்வி. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. பறவையில் படாத குண்டு 200, 300 மீற்றர் போகக்கூடியது. வயல் என்பது வெட்டவெளி, பின்னால் தடுக்க ஒன்றும் இல்லை. தண்ணீர் நிற்கும் வயலில் தாழ்வாகச் சுட்டால் குண்டு தண்ணீரில் பட்டுத் தெறித்துக் கிளம்பும், காய்ந்த வரம்பில் பட்டாலும் அப்படித்தான். விடிகாலையில் தண்ணீர் பார்க்கப் போகிறவர் வாய்க்காலுக்குள் குனிந்து நிற்பார், வேளாண்மை மறைத்திருக்கும், ஆள் இருப்பதே தெரியாது. மாடு சாய்க்கிற பொடியன்கள், வரம்பால் குறுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், இவர்கள் எல்லாம் குருவி இறங்குகிற அதே நேரத்தில்தான் நடமாடுகிறார்கள். அரைக் கிராம் ஈயம் நெஞ்சில் பட்டால் ஆள் பிழைத்துக்கொள்ளலாம், கண்ணில் பட்டால்?

தோட்டம் வேறு. கோழிக்குஞ்சைத் தூக்க வருகிற காகம் ஒரே கிளையில்தான் திரும்பத் திரும்ப வந்து இருக்கும். சோளனைக் கொத்த வருகிற பறவையும் நாலைந்து தண்டுக்குள் வேலையைத் தொடங்கும். தூரம் 20 மீற்றர், பின்னால் மதிலோ மண்மேடோ இருக்கிற மாதிரி நாம் நிற்கும் இடத்தைத் தெரிந்தெடுக்கலாம், வீட்டுப் பிள்ளைகளை உள்ளே இருக்கச் சொல்லலாம். காகம் புத்தியான சாதி, ஒன்று விழுந்தால் மற்றவை சில நாளைக்கு அந்த மரத்துப் பக்கம் வரவே யோசிக்கும். இப்படியான வேலைக்கு எயார் ரைபிள் நல்ல ஆயுதம் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் தென்னை உச்சியில் வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு இருக்கிற கிளியைச் சுடாதீர்கள், அந்தக் குண்டு யாருடைய முற்றத்தில் விழும் என்று உங்களுக்கும் தெரியாது, துவக்குக்கும் தெரியாது.

சட்டத்தைப் பற்றியும் நம் ஆட்கள் தலைகீழாகத்தான் விளங்கி வைத்திருக்கிறார்கள். மயில் மாதிரிச் சிலதைத்தான் சுடக் கூடாது, மற்றதெல்லாம் கணக்கில்லை என்று நினைப்பு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பின்னால் வந்த திருத்தங்களோடு சொல்வது நேர் எதிர்: பறவை என்றால் பாதுகாக்கப்பட்டது, ஓர் அட்டவணையில் பேர் சொல்லி விலக்கிய சில பறவைகள் மட்டும்தான் அதற்குள் அடங்காது. அப்படியென்றால் துவக்கைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது அந்த அட்டவணையை. தமிழில், பறவைகளின் படத்தோடு, நம் ஊர்ப் பேரோடு ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் அது தொங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. பெண் தூக்கணாங்குருவியையும் ஊர்க்குருவியையும் 30 மீற்றருக்கு அப்பால் பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம், எனக்குக் கண் நல்லாய்த் தெரிந்த காலத்திலேயே முடியவில்லை. நிலாவெளிப் பக்கத்தில் சுடுகிறவருக்குச் சிக்கல் இன்னும் கூட. எதிரே கடலில் இருக்கிற புறாமலையில் கூடு வைப்பது காட்டுப் புறா, இலங்கையில் அது முட்டையிடுகிற இடங்கள் மிகக் குறைவு. வெள்ளைக்காரன் காலத்தில் அந்தத் தீவைச் சுடு பயிற்சிக்குப் பாவித்தார்கள், 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. ஊர்ப் புறாவையும் அதையும் தூரத்தில் நின்று எவராலும் பிரித்தறிய முடியாது.

வயலில் இறங்குகிற எல்லாமே எதிரியும் இல்லை. உழவு மெசினுக்குப் பின்னால் நடக்கிற கொக்கு, கம்பில் குந்தியிருக்கிற கரிக்குருவி, மைனா, இவையெல்லாம் புழு பூச்சியைத்தான் தின்கின்றன. நத்தைகொத்தி நாரை நத்தை தின்னும். இரவில் வருகிற கூகை எலி பிடிக்கும், பேய் என்று அதற்குக் கல்லெறிகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அது வேறு கதை. தூக்கணாங்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகிறது. துவக்கு கையில் இருக்கிற பதினாறு வயதுப் பொடியனுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை, அசைகிறது எல்லாம் குறிதான்.

மயிலைப் பற்றிக் கேட்பீர்கள். 2025 மார்ச் 15ஆம் திகதி காலையில் 5 நிமிட நேரம் நாடு முழுக்கக் குரங்கு, மந்தி, மர அணில், மயில் என்று எண்ணினார்களே, அந்தக் கணக்கில் மயில் மட்டும் 40 லட்சத்துக்கு மேல் என்று வந்தது. ஐந்து நிமிடக் கணக்கு எவ்வளவு சரி என்று படித்தவர்களே சண்டை பிடித்தார்கள். நான் கவனித்தது வேறொன்று, நம் பால்கதிரை உறிஞ்சுகிற நெல்லுக்குருவி அந்தக் கணக்கிலேயே இல்லை. மயில் கச்சானையும் மிளகாயையும் நாசமாக்குவது உண்மை, வெருகல் சித்திரவேலாயுதருக்கு நேர்த்தி வைக்கிறவனுக்கும் தோட்டத்தில் மயிலைக் கண்டால் கோபம் வருகிறது. ஆனால் நாலைந்து கிலோ நிறையுள்ள பறவையை எயார் ரைபிளால் சுட்டால் அது சாகாது, பற்றைக்குள் போய் நாள்கணக்கில் கிடந்து அழுகும். குரங்குக்கும் அதேதான். கந்தளாய், மொரவெவப் பக்கங்களில் இதை யானைக்கும் நீட்டுவார்கள் என்பதுதான் என் பெரிய பயம், வலி எடுத்த யானை சுட்டவனைத் தேடித்தான் வரும் என்றில்லை, எதிரில் அகப்படுகிறவனைத்தான் அடிக்கும்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும், ஒருவரும் வெளியில் சொல்வதில்லை. இந்த மாவட்டத்தில் யுத்த காலத்தில் தமிழ்க் கமக்காரன் தோளில் நீளமாக ஒரு மண்வெட்டிப் பிடி தெரிந்தாலே விசாரணை. 2006இல் மாவிலாற்றுத் தண்ணீரோடு தொடங்கிய சண்டையில் மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் சனம் முழுவதும் விளைந்ததை விட்டுவிட்டு ஓடியது. இப்போது காலம் மாறித்தான் இருக்கிறது, ஆனாலும் மம்மல் நேரத்தில் வரம்பில் குழல் நீட்டிக்கொண்டு நிற்கிற ஆளைத் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது எயார் ரைபிளா வேறொன்றா என்று தெரியாது. மூன்று இனத்தவரும் வயலுக்கு வயல் அடுத்தடுத்துச் செய்கிற இடம் இது. வைத்திருக்கிறவர் அனுமதியை எழுத்தில் கையில் வைத்திருக்க வேண்டும், பக்கத்து வயல்காரனுக்கும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

குண்டு ஈயம் என்பதையும் மறக்க வேண்டாம். தாராவும் நீர்க்கோழியும் இரை அரைக்க மணலைப் பொறுக்கி விழுங்கும்போது சேற்றில் கிடக்கிற ஈயத்தையும் விழுங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 பெப்ரவரியிலிருந்து சதுப்பு நிலங்களில் ஈயச் சன்னம் சுடுவதை நிறுத்தியது இதனால்தான். போகத்துக்குப் போகம் நம் வட்டையில் ஈயத்தை விதைத்தால் அதைக் கூட்டி அள்ளப் போவது யார்?

அப்போ குருவிக்கு என்ன செய்வது? நம் அப்பாமார் செய்ததைத்தான், கொஞ்சம் ஒழுங்காக. ஒரு வட்டையில் எல்லாரும் ஒரே கிழமைக்குள் விதைத்தால் எல்லா வயலும் ஒன்றாகப் பால் பிடிக்கும், குருவியின் வாய்க்குப் போவது எல்லார் தலையிலும் பகிர்ந்து விழும். ஒருவன் 3 மாத நெல்லை முந்தி விதைக்க, இன்னொருவன் மூன்றரை மாத நெல்லைப் பிந்தி விதைக்க, முதலில் கதிர் தள்ளினவனும் கடைசியில் நிற்கிறவனும் மொத்தக் கூட்டத்தையும் தனியாகத் தாங்குகிறார்கள். குருவி நட்டம் என்று கூடக் கத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு பேரும்தான், கோபிக்க வேண்டாம். வரம்புப் புல்லைப் பூக்க முன்னம் வெட்டினால் குருவிக்கு அங்கே புல்விதையும் இல்லை. பால் பிடித்ததிலிருந்து மணி இறுகும் வரை காவல் தேவைப்படுவது இரண்டு மூன்று கிழமைதான், அதிலும் காலை வெயில் ஏறுமுன்னமும் பின்னேரமும்தான் கூட்டம் பலமாக இறங்கும். வட்டைக்கு இரண்டு ஆளைச் சம்பளத்துக்கு வைத்து, ஏக்கர் கணக்கில் காசைப் பிரித்துக்கொண்டால் ஒருவருக்கும் பெரிய பாரமில்லை. மினுங்குகிற ரேப்பும் வெருளியும் இரண்டு நாளைக்குப் பயம் காட்டும், பிறகு வெருளியின் தலையிலேயே குருவி இருக்கும், ஆகையால் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாற்று மேடைக்கும் சின்னத் தோட்டத்துக்கும் வலை போடலாம்.

ஆகவே கமக்காரர் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த போகக் கூட்டத்தில் எயார் ரைபிள் பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவருவதாக இருந்தால் அதற்கு முன்னால் விதைப்புத் திகதியையும் காவல் காசையும் எடுத்துப் பேசி முடியுங்கள். அதற்குப் பிறகும் துவக்கு வேண்டும் என்றால் தோட்டம் வைத்திருக்கிறவருக்கு மட்டும் கேளுங்கள், வயல் ஏக்கர் கணக்கில் கேட்காதீர்கள், பறவைப் பட்டியலையும் ஒரு நாள் பயிற்சியையும் சேர்த்துக் கேளுங்கள். விவசாயப் போதனாசிரியர்மார் பேணி வைத்துச் சுடப் பழக்க மாட்டார்கள்தான், பொலிசிலோ சுடு விளையாட்டுக் கழகங்களிலோ தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டால் வராமலா போவார்கள்?

இப்படிக்கு,
கமக்காரன் ஒருவன்,
தம்பலகாமம், திருகோணமலை.