படச்சுருள்களைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனிலும் பிற நாடுகளிலும் 16 மி.மீ. படச்சுருள்களைச் சேகரித்துவரும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

‘டாக்டர் ஹூ’ அறிவியல் புனைவுத் தொடரின் தொலைந்துபோன பகுதிகளில் ஏதோ ஒன்று உங்களில் ஒருவருடைய அலமாரியில் இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். அதை விட்டுக்கொடுங்கள் என்றோ விலைக்குத் தாருங்கள் என்றோ நான் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை, ஒரே ஒரு நகல் எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய இத்தொடரில், 1969 வரையிலான கறுப்பு வெள்ளைக் காலத்தில் 253 பகுதிகள் ஒளிபரப்பாயின. இரண்டு அங்குல அகலமுள்ள வீடியோ நாடா அந்நாளில் விலை கூடிய பொருள் என்பதாலும், நடிகர் சங்க ஒப்பந்தங்கள் மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தியதாலும், வண்ணம் வந்த பிறகு கறுப்பு வெள்ளையை எவரும் கேட்கமாட்டார்கள் என்று கருதப்பட்டதாலும், 1970களின் நடுப்பகுதிக்குள் அந்த மூல நாடாக்கள் அத்தனையும் அழிக்கப்பட்டன. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காக, திரையில் ஓடும் படத்தையே ஃபிலிம் கேமராவால் மறுபடி பிடித்து உருவாக்கிய 16 மி.மீ. பிரதிகள் மட்டும் மிஞ்சின. விற்பனைப் பிரிவு, நூலகம் வைத்திருக்கும் என்று எண்ணியது. நூலகமோ அது தன் பொறுப்பில் வராது என்று எண்ணியது. இருவருக்கும் இடையில் அந்தப் பிரதிகளும் 1978 வரை குப்பைக்குப் போயின. நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து நிலையம் ஒன்றின் கிடங்கிலிருந்து ஒன்பது பகுதிகள் மீட்கப்பட்டதாக 2013இல் அறிவிக்கப்பட்ட பிறகும் 97 பகுதிகள் கிடைக்காமலே இருந்தன.

எண்ணிக்கையைச் சொல்லிவிட்டேன். ஆனால் நான் வருந்துவது எண்ணிக்கைக்காக அல்ல, அந்தப் பகுதிகளில் உறைந்திருக்கும் உழைப்புக்காக. 1964இல் ஏழு வாரங்கள் ஒளிபரப்பான மார்க்கோ போலோ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பகுதி நீங்கலாக மற்ற ஆறையும் இயக்கியவர் வாரிஸ் ஹுசைன். லக்னோவில் பிறந்த அவர், 24ஆம் வயதில் இத்தொடரின் முதல் கதையை இயக்கியவர். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கோ பொறுப்பேற்றபோது வயது 27. ஆண்களே நிறைந்திருந்த அந்தத் துறையில் ஓர் இளம்பெண்ணிடம் அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது. இவர்களுக்குக் கிடைத்த இடம் லண்டன் லைம் குரோவின் ‘டி’ அரங்கு: குறுகலானது, விளக்குகளின் வெக்கை தாங்க முடியாதது. அதற்குள்ளேதான் அரங்க வடிவமைப்பாளர் பாரி நியூபெரி பாமீர் மலைப்பாதையையும் குப்ளாய் கானின் அரண்மனையையும் எழுப்பினார். ஒரு வாரம் ஒத்திகை பார்த்து, ஒரே மாலையில், ஏறத்தாழ மேடை நாடகத்தைப் போலத் தொடர்ச்சியாகப் பதிவுசெய்வார்கள். நாடாவை வெட்டி ஒட்டினால் அது மறுபடி பயன்படாது என்பதால் வெட்டுவதற்கே கட்டுப்பாடு இருந்தது. நடிகர் வசனம் தடுமாறினாலும், பின்னணித் திரை ஆடினாலும், அது அப்படியே வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. கேபிள்களை இழுத்துக்கொண்டு ஓர் அரங்க அமைப்பிலிருந்து அடுத்ததற்குச் சத்தமில்லாமல் நகர்ந்த கேமராக்காரர்களின் தேர்ச்சியைக் கண்ணால் பார்க்காமல் எப்படி அறிவது?

ஒலி மட்டும் தப்பியது. தொலைக்காட்சிப் பெட்டியின் எதிரே ஒலிவாங்கியை வைத்து, யாரும் பேசிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்தபடி பதிவுசெய்த ரசிகர்களால், தொலைந்த பகுதிகள் ஒவ்வொன்றின் ஒலியும் இன்று நம்மிடம் இருக்கிறது. ரான் கிரெய்னர் எழுதிய முகப்பிசையை, ஒரு கம்பியின் மீட்டலையும் மின்சாரத்தால் ஒலி எழுப்பும் கருவிகளின் ஒலியையும் நாடாவில் பதித்து, ஒவ்வொரு சுரத்தையும் அளந்து வெட்டி ஒட்டி டீலியா டெர்பிஷயர் உருவாக்கினார் என்பதும், பழைய பியானோவின் தடித்த கம்பிகளில் வீட்டுச் சாவியைத் தேய்த்து பிரையன் ஹாட்ஜ்சன் கால இயந்திரத்தின் ஓசையைப் பிறப்பித்தார் என்பதும் இன்று பலரும் அறிந்த செய்திகள். அவர்கள் உழைப்பைக் கேட்க நமக்கு வாய்த்தது. அதே தொடருக்காக உழைத்த ஒப்பனைக்காரர்களுக்கும் தச்சர்களுக்கும் ஒளியமைப்பாளர்களுக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

தொலைக்காட்சித் திரையைப் புகைப்படமெடுத்து விற்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஜான் கியூராவின் சிறு படங்கள் பல கதைகளுக்குக் கிடைக்கின்றன. அவருக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனாலும் அசையாப் படம் அசையாப் படம்தான். 1966 அக்டோபர் 29 அன்று நாயகனாக நடித்துவந்த வில்லியம் ஹார்ட்னெல்லின் முகம், அடுத்து அந்த வேடமேற்ற பேட்ரிக் டிரௌட்டனின் முகமாக மாறிய பகுதி இன்று முழுமையாக இல்லை. கேமராக்களின் படங்களை மாற்றியும் கலந்தும் அனுப்பும் கலவை மேசையில் இருந்த ஷெர்லி கவர்ட் இரண்டு படங்களை ஒன்றில் ஒன்று கரையவிட்ட அந்தச் சில விநாடிகள், 1973இல் ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியில் எடுத்துக் காட்டப்பட்டதால் மட்டுமே பிழைத்தன. நாயகனின் முகம் மாறியும் தொடர் நிற்காமல் ஓடும் என்ற துணிச்சலுக்கு அடித்தளமான காட்சி அது. அதற்கு முன்னும் பின்னும் இருந்தது எங்கே என்றுதான் உங்களைக் கேட்கிறேன்.

உங்கள் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. நகைச்சுவை நடிகர் பாப் மங்க்ஹவுஸ், தம் படச் சேகரிப்புக்காகவே காவல்துறையின் சோதனைக்கு ஆளாகி, 1979இல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நின்றதை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவர் விடுதலையானார்; ஆனால் அந்த வழக்கு உண்டாக்கிய நடுக்கம் விடுதலையாகவில்லை. சட்டப்படி உங்கள் பிரதி யாருடையது என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். எறியச் சொன்னதை எறிய மனம் வராமல் எடுத்துவைத்த முன்னாள் பிபிசி பொறியாளர் ஒருவர் 2004இல் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தபோது உலகம் அவரைத் திருடர் என்று சொல்லவில்லை, நன்றிதான் சொன்னது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி விழாவில் வாங்கிய சுருள்கள் பிபிசியிடமே இல்லாதவை என்று அறியாமல் வைத்திருந்தவரால் 2011இல் இரண்டு பகுதிகள் வெளிவந்தன. நீங்கள் எடுத்து வைத்திராவிட்டால் அவை என்றோ எரிந்து போயிருக்கும். உங்களைப் பாதுகாவலர்கள் என்றே நான் கருதுகிறேன்.

காவலுக்கும் ஒரு கெடு உண்டு என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். என் தகப்பனார் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். அவர் காலமான பின் பரணைச் சுத்தம் செய்தபோது, வேட்டித் துணியில் சுற்றிய தகர டப்பா ஒன்று கிடைத்தது. மூடி லேசில் வரவில்லை. நெம்பித் திறந்ததும் ஊறுகாய் கெட்டுப்போனதுபோல் ஒரு புளித்த காடி வாடை முகத்தில் அடித்தது, கண் எரிந்தது. உள்ளே இருந்த சுருள் சுருங்கி, ஓரங்களில் அலையலையாக நெளிந்திருந்தது. நுனியைப் பிரிக்க முயன்றேன், அப்பளம்போல் ஒடிந்தது. அதில் என்ன படம் இருந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அசிடேட் ஃபிலிம் சிதையும்போது வெளிப்படும் அமிலமே அதன் சிதைவை மேலும் விரைவாக்கும் என்பதையும், மூடிய டப்பாவுக்குள் அது இன்னும் மோசமாகும் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தமிழின் முதல் பேசும் படமான 1931ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ படத்துக்கு ஒரு பிரதிகூட இல்லாத மொழியைச் சேர்ந்தவள் நான். கடைசிப் பிரதி போன பிறகு எஞ்சுவது விளம்பரத் தாள்களும் செவிவழிச் செய்திகளும்தான் என்பது எங்களுக்குத் தெரியும்.

25 நிமிடப் பகுதி ஒன்று 16 மி.மீ. ஃபிலிமில் சுமார் 285 மீட்டர் நீளம் வரும். அது ஒரே சுருளில், ஒரே டப்பாவில் அடங்கிவிடும். ஆகவே தயவுசெய்து இன்றே அலமாரியைத் திறந்து பாருங்கள். வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். வந்தால் எக்காரணம் கொண்டும் புரொஜெக்டரில் ஏற்றாதீர்கள்; சுருங்கிய ஃபிலிமின் துளைகளைப் பல்சக்கரம் கிழித்துவிடும். சுருளின் தொடக்கத்தில் வரும் தலைப்பட்டையில் இருக்கும் எழுத்துகளை மட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிபிசியை நேரடியாக அணுகத் தயக்கமிருந்தால், தொலைந்த நிகழ்ச்சிகளைத் தேடித் திரையிடுவதைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தையோ, நீங்கள் நம்பும் வழக்கறிஞர் ஒருவரையோ இடையில் வையுங்கள். பெயரை வெளியிடக் கூடாது, அசல் சுருள் இத்தனை நாளில் திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு ஸ்கேன் செய்யக் கொடுங்கள். வாரிஸ் ஹுசைன் 1938இல் பிறந்தவர். அன்று அந்த அரங்கில் நின்று வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள். அவர்களில் ஒருவரேனும் தாம் எடுத்த காட்சியை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பதால்தான் ‘இன்றே’ என்று கேட்டேன்.

இப்படிக்கு,
டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் ஒருவரின் மகள்