தலைமையாசிரியர் கடிதம்: பருவ நிறைவும் ஓட்டப் பயிற்சியும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. தேர்வுகள் திட்டமிட்டபடி நடந்தன. அறிவியல் கண்காட்சி சிறப்பாக அமைந்தது. பேச்சு, ஓவியம், கட்டுரை எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். அனைவருக்கும் பாராட்டுகள். நூலகப் புத்தகங்களை விடுமுறைக்கு முன் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து, ஓட்டப் பயிற்சி.

ரோஸ் நத்திகே லோகோன்யென் என்ற 800 மீட்டர் ஓட்டக்காரரைப் பற்றிக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தோம். அது வீடுவரை போய்ப் பேசப்படுவதில் மகிழ்ச்சிதான். ஆனால் போய்ச் சேர்ந்த விதம் கவலை தருகிறது. "அந்தப் பொண்ணு வெறுங்காலோட ஓடியே ஒலிம்பிக் போயிருக்கா, உனக்கு எதுக்கு ஷூ?" என்ற பேச்சு மைதான வேலியோரம் அடிக்கடி காதில் விழுகிறது. ஓய்வு நாளில் கூடுதல் ரவுண்டு ஓடவிடுவதும், குதிகால் வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதும் நடக்கிறது. பிள்ளை முன்னேற வேண்டும் என்ற ஆசையில்தான் செய்கிறீர்கள். அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் அவருடைய வாழ்க்கையைச் சரியாகச் சொல்லிவிடுவது நல்லது.

இன்றைய தெற்கு சூடான் பகுதியில் பிறந்த ரோஸ், போருக்குத் தப்பி 2002-ல் குடும்பத்தோடு கென்யாவின் வடமேற்கிலுள்ள காகுமா அகதிகள் முகாமுக்கு வந்தவர். 2008-ல் பெற்றோர் ஊர் திரும்பினார்கள். அவர் தம்பி தங்கைகளோடு முகாமிலேயே இருந்துவிட்டார். ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் 10 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றில் ஓடினார். பயிற்சி கிடையாது, காலில் ஷூவும் கிடையாது. இரண்டாவதாக வந்தார்.

நம்மில் பலர் கதையை இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் ஒலிம்பிக் போனதற்குக் காரணமே இதற்குப் பிறகு நடந்தவைதான். மாரத்தானில் உலக சாதனை படைத்த கென்ய வீராங்கனை டெக்லா லோரூப்பேயின் அறக்கட்டளை முகாமில் தேர்வு நடத்தி, அவரை நைரோபிக்கு அருகே ங்கோங்கில் உள்ள பயிற்சி மையத்துக்கு அழைத்துச் சென்றது. தங்க இடம், வேளாவேளைக்குச் சாப்பாடு, பயிற்சியாளர், ஓய்வு எல்லாம் அங்கே கிடைத்தன. முகாமில் அவர் ஷூ இல்லாமல் ஓடியது வாங்க வழியில்லாததால். அது பயிற்சி முறை அல்ல. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்காக ஓடுவதற்கு முன்பு, காயம்தான் தன் பெரிய கவலை என்று அவரே சொல்லியிருக்கிறார். அதே அணியில் 400 மீட்டர் ஓடிய ஜேம்ஸ் ந்யாங் சியெங்ஜியெக்கும், ஆளுக்கொரு ஜோடி இல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, பொருந்தாத ஷூவால் பலருக்கும் காயம் பட்டதைச் சொல்லியிருக்கிறார்.

2016 ரியோ ஒலிம்பிக்கில்தான் முதல்முறையாக அகதிகள் அணி என்று ஒன்று பங்கேற்றது. மொத்தம் 10 பேர். அதில் ஐந்து பேர் காகுமா வழியாக வந்த தெற்கு சூடான் ஓட்டக்காரர்கள். தொடக்க விழாவில் ஒலிம்பிக் கொடியை ஏந்தி அணியை நடத்திச் சென்றவர் ரோஸ். 800 மீட்டர் தகுதிச் சுற்றில் 2 நிமிடம் 16.64 விநாடியில் ஓடி ஏழாவதாக வந்தார். அந்த ஆண்டு தங்கம் வென்ற நேரம் 1:55.28. ஐந்து ஆண்டு கழித்து டோக்கியோவில் அவருடைய நேரம் 2:11.87. பயிற்சியில் இருந்தும் 4.77 விநாடி குறைய ஐந்து ஆண்டு ஆகியிருக்கிறது. இந்த மாதத்துக்குள் 10 விநாடி குறைய வேண்டும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கெடு வைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

விளையாட்டு ஆசிரியர் போட்டிருக்கும் திட்டம் வாரத்தில் மூன்று நாள்தான். ஒருநாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 15 முதல் 20 நிமிடம். ஒருநாள் 200 மீட்டர் ஆறு முறை, நடுவில் இரண்டு நிமிட நடை. ஒருநாள் தாவல், குதித்தல், விளையாட்டு. இடையில் ஓய்வு நாள் விட்டிருப்பதற்குக் காரணம் உண்டு: ஓடும்போது தேய்ந்த தசையும் எலும்பும் தேறுவது ஓய்வில்தான். அந்த நாளிலும் நீங்கள் ஓடவிட்டால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வரக்கூடும். வளரும் வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் இறுகியிருக்காது. குதிகால் தசைநார் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப இழுப்பதால் வலிக்கிறது. பிள்ளை சாக்குச் சொல்லவில்லை. நடை மாறும் அளவுக்கு வலி இருந்தால் அன்றே நிறுத்த வேண்டும். ஒரு வாரம் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலிக்கு வெளியிலிருந்து கத்துவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 800 மீட்டரை 3 நிமிடம் 10 விநாடியில் முடிக்கக்கூடிய பிள்ளைக்கு ஒவ்வொரு 200 மீட்டருக்கும் 47, 48 விநாடிதான் கணக்கு. "போ, போ, அவளை முந்து" என்று குரல் கேட்டதும் முதல் 200-ஐ 38-ல் ஓடிவிடுகிறது. இரண்டாம் ரவுண்டு தொடங்கும்போதே மூச்சு வாங்கும். மூன்றாவது 200-ல் தோள் தூக்கிக்கொள்ளும், கால் கல்லாகக் கனக்கும். கடைசியில் வரும் நேரம் 3:25. அதற்கும் பிள்ளைக்குத்தான் திட்டு.

ஷூ விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. சாயங்காலமாக வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். நிற்க வைத்துப் பார்த்தால் நீளமான கால்விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் நழுவக் கூடாது. அண்ணன் போட்டு ஒருபக்கம் தேய்ந்த ஷூ வேண்டாம். அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ இப்போதைக்குத் தேவையே இல்லை. புல்தரையில் சில நிமிடம் வெறுங்காலோடு ஓடவைப்பது உண்டு. அதை ஆசிரியர் முடிவு செய்வார்.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதும் உள்ளது. பயிற்சி நேரத்தில் பெற்றோர் யாரும் வேலிக்குள் வரக் கூடாது. ஷூவைக் கழற்றச் சொல்வதும், ஸ்டாப்வாட்சோடு ட்ராக்கில் நிற்பதும் இனி அனுமதிக்கப்படாது. நொண்டுகிற பிள்ளையை ஓடச் சொல்லி வற்புறுத்தினால், அந்தப் பிள்ளை குணமாகும்வரை பயிற்சியிலிருந்து விலக்கி வைக்கப்படும். "அகதிப் பிள்ளையே ஓடுது, உனக்கு என்ன கேடு?" என்ற பேச்சும் பள்ளி வளாகத்தில் வேண்டாம். ஊரைவிட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடும்.

இத்தனையும் சொல்ல வேண்டியிருப்பது சிலரை உத்தேசித்துத்தான். பெரும்பாலான பெற்றோர் வெயிலில் காத்திருந்து, தண்ணீர் பாட்டிலை நீட்டி, நேரம் என்ன என்று கேட்காமல் அழைத்துப் போகிறீர்கள். மைதானத்தைச் சமன்படுத்தவும் சுண்ணாம்புக் கோடு போடவும் வந்து உதவியவர்களுக்குப் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

பள்ளி திறந்ததும் பயிற்சி அட்டை டைரியில் ஒட்டி அனுப்பப்படும். பிள்ளைக்கு எங்கேனும் வலி இருந்தால் அதில் குறித்து, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்