பச்சைப் பேனாவால் வரைந்த தாளுக்கு நன்றி

லூபஸ் என்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்க்குச் சிகிச்சை பெற்று மகள் வீடு திரும்பி இன்றோடு பதினோரு நாளாகிறது. நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்ததே. அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. ரத்தம் கொடுத்த பிள்ளைகள், பாலக்கோட்டிலிருந்து நள்ளிரவில் வண்டி ஓட்டி வந்த மைத்துனர், சோறு கட்டி அனுப்பிய தெருக்காரர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஆயினும் முதல் வணக்கம், தருமபுரியில் நாங்கள் ரத்தம் கொடுத்த பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் தம்பிக்கே உரியது. "ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:640" என்று, செல்லின் கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பதாகச் சொன்ன மகளின் அறிக்கையை வாங்கிக்கொண்டு நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்ட அந்த மாலையில், பாதி இறக்கிய ஷட்டரை மறுபடி தூக்கி அவர் என்னை உள்ளே அழைத்தார். "இது நோயின் பெயர் இல்லை அக்கா, முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்" என்று சொல்லிவிட்டு, பழைய பில்லின் பின்பக்கத்தில் பச்சைப் பேனாவால் வட்டம் வட்டமாகச் செல்களை வரைந்தார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள் செல்லின் கருவையே பகையென்று எண்ணி ஒட்டிக்கொண்டால், ஒளிரும் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும்போது கரு பச்சையாக மின்னும் என்றும், ரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தை 640 மடங்கு நீர்த்த பிறகும் அது மின்னியது என்பதே அந்த எண்ணின் பொருள் என்றும் விளக்கினார். நோயற்றவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு 1:160 அளவில் மின்னக்கூடும் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த ஆறுதலோடு அனுப்பிவிடாமல், 640ஐ அலட்சியம் செய்யக் கூடாது, நாளைக்கே டாக்டரைப் பார்த்துச் சிறுநீரில் புரதம் போகிறதா என்று கேளுங்கள் என்றும் வற்புறுத்தினார். சிறுநீரகம் கெட்டுப்போகும் முன்பே சிகிச்சை தொடங்கியது அந்த ஒரு சொல்லால்தான்.

லூபஸ் என்று உறுதிசெய்ய உதவியவை டி.எஸ்.டி.என்.ஏ. எனும் இரட்டை இழை டி.என்.ஏ.வையும், கருவிலுள்ள எஸ்.எம். என்ற பொருளையும் தாக்கும் இரு எதிர்ப்பொருள்கள். 1966இல் டான், குங்கெல் என்ற அறிஞர்கள் கண்டறிந்த இந்த எஸ்.எம்., ஸ்மித் என்ற ஒரு நோயாளியின் பெயரிலிருந்து வந்ததாம். கடல் கடந்த ஊரில் ரத்தம் கொடுத்த அந்தப் பெண்ணையும் இப்போது என் மகளோடு சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

மூட்டுவலி, முகத்தில் சிவப்பு, ஓயாத காய்ச்சல் என்று யார் வீட்டிலாவது பெண் பிள்ளை வாடினால், கண்ணேறு கழித்துக் காலம் கடத்தாதீர்கள் என்று சொல்ல நானே நேரில் போவேன்.

தம்பி, அந்தப் பில் மகளின் ஃபைலில் முதல் தாளாக இருக்கிறது. அடுத்த மாதம் டி.எஸ்.டி.என்.ஏ. ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வரும்போது, ரத்தம் நீங்களே எடுக்க வேண்டுமென்று அவள் சொல்லியிருக்கிறாள்.