உன் கையில் தப்பில்லை, பாப்பா

குவின்சி, மாசசூசெட்ஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ வீடியோவில் காட்டிய ட்ரே இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பன்னிரண்டு சாக்லேட் சிப் குக்கியும் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரம் கருகி, நடுவில் அப்பளம் மாதிரி மெலிந்து கிடந்தன. "எனக்குக் கைராசி இல்லம்மா, நீ செஞ்சாதான் வருது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். உன் குரல் இறங்கியது எனக்குக் கேட்டது. போனில் சொன்னால் அளவையெல்லாம் மறந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துக்கொள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் கையில் தப்பில்லை. நீ இருக்கும் உயரம்தான் காரணம்.

நம் வீடு கடலோரத்தில் இருக்கிறது. நான் உனக்கு எழுதிக்கொடுத்த அளவு கடல்மட்டத்துக்கு ஏற்ற அளவு. நீ இப்போது இருக்கும் டென்வர் 5,280 அடி உயரத்தில். உன்னைக் குடிவைக்க வந்தபோது, டென்வர் கேபிடல் கட்டடத்தின் படியில் 'கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மைல்' என்று செதுக்கியிருந்த இடத்தில் என்னையும் அப்பாவையும் நிற்கவைத்துப் படம் எடுத்தாயே, அந்த ஒரு மைல்தான் உன் குக்கியைப் பரப்பிவிட்டது. காற்றின் அழுத்தம் இங்கே 100 என்றால் அங்கே 83 போலத்தான் இருக்கும். அழுத்தம் குறைந்தால் பேக்கிங் சோடாவிலிருந்து வரும் வாயு அதிகமாக விரியும். மாவிலிருக்கும் ஈரமும் சீக்கிரம் ஆவியாகும். ஈரம் போகப் போகச் சர்க்கரையின் பங்கு கூடும், சர்க்கரை கூடிய மாவு இறுகாமல் ஓடும். ஒரேயடியாக உப்பி, தாங்காமல் அமுங்கி, வேகுவதற்கு முன்பே பரந்துவிடுகிறது.

உனக்கு நினைவிருக்கிறதா, உன் டென்வர் வீட்டில் குக்கர் வாங்கும்வரை பாத்திரத்தில் வேகவைத்த துவரம்பருப்பு எவ்வளவு நேரமானாலும் குழையவில்லை. அங்கே தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. ஊட்டியில் இருந்த என் அத்தை, குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஊட்டி டென்வரைவிட உயரம். அப்போது சின்னப்பிள்ளையாக இருந்த நான், அத்தை வாங்கும் பருப்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். பாவம், அத்தை.

சரி, அளவுக்கு வருகிறேன். நான் செய்வது: மைதா இரண்டேகால் கப், வெள்ளைச் சர்க்கரை முக்கால் கப், பிரவுன் சுகர் அழுத்தி முக்கால் கப், வெண்ணெய் இரண்டு ஸ்டிக் (ஒரு கப்), முட்டை இரண்டு, பேக்கிங் சோடா, உப்பு, வெனிலா மூன்றும் ஒவ்வொரு டீஸ்பூன், சாக்லேட் சிப் இரண்டு கப், 375 டிகிரி ஃபாரன்ஹீட். நீ உன் ஊருக்கு இப்படி மாற்று. மைதாவை இரண்டரை கப்பாக்கு. இரண்டு சர்க்கரையையும் முக்கால் கப்பிலிருந்து மூன்றில் இரண்டு கப்பாகக் குறை. மாவு வறண்டுபோகாமல் இருக்க இரண்டு டீஸ்பூன் தண்ணீர் சேர். சூடு அதே 375, ஆனால் 8 நிமிடத்திலேயே பார்க்க ஆரம்பி, பத்துக்கு மேல் விடாதே. சோடாவை இந்தத் தடவை குறைக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். அப்படியும் பரந்தால், அடுத்த முறை சோடாவை முக்கால் டீஸ்பூனாக்கிப் பார்.

இந்தக் கைராசிப் பேச்சு எனக்கு ஏன் வலித்தது என்றும் சொல்ல வேண்டும். இந்த குக்கியைக் கண்டுபிடித்தவர் ரூத் வேக்ஃபீல்ட். நம் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய விட்மன் ஊரில், 1930இல் அவரும் கணவரும் டோல் ஹவுஸ் என்ற விடுதியை ஆரம்பித்தார்கள். 1938 வாக்கில் இந்த குக்கி அங்கே பிறந்தது. வேறு சாக்லேட் தீர்ந்துபோய், இருந்த சாக்லேட்டை உடைத்துப் போட்டார், அது உருகிக் கலந்துவிடும் என்று நினைத்தார், உருகவில்லை, அதிர்ஷ்டவசமாக இது கிடைத்தது என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது. அவர் ஃப்ரேமிங்ஹாமில் மனையியல் படித்து 1924இல் பட்டம் வாங்கியவர். உணவியல் நிபுணராக வேலை பார்த்தவர், பாடம் நடத்தியவர். ஐஸ்கிரீமோடு கொடுத்துவந்த மெல்லிய பட்டர்ஸ்காட்ச் குக்கிக்குப் பதிலாக வேறு ஒன்று கொடுக்க வேண்டும் என்று யோசித்துச் செய்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். சாக்லேட் எந்தச் சூட்டில் என்ன ஆகும் என்பது தெரியாத ஆளா அவர்? ஒரு பெண் உட்கார்ந்து யோசித்து, மாற்றி மாற்றிச் செய்து பார்த்துக் கொண்டுவந்ததை, தானாக நடந்தது என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். என் அம்மாவின் அதிரசத்தையும் ஊரில் கைராசி என்றுதான் சொன்னார்கள். பாகை எத்தனை முறை தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தார் என்பதை நான்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதனால் நீயும் அந்த வார்த்தையைச் சொல்லாதே, கண்ணு.

2006இல் நீ மூன்றாம் வகுப்பு. பள்ளியில் பலகாரம் விற்று நிதி திரட்டும் பேக் சேல், ஏதாவது செய்து அனுப்ப வேண்டும் என்றாய். ஊரில் எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. இங்கே வந்தும் அதற்குள் வாணலிகளைத்தான் அடுக்கி வைத்திருந்தேன். அன்று முதல் ட்ரே கல்லாக வந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஆழாக்கில் அரிசி அளக்கிற பழக்கத்தில், கப்பைத் தட்டித் தட்டி மாவைத் திணித்திருந்தேன். அப்படி அளந்தால் 120 கிராம் பிடிக்க வேண்டிய கப்பில் 150 கிராம்கூட ஏறிவிடும். மாவைக் கரண்டியால் தளர்வாக அள்ளிப் போட்டு, கத்தியின் முதுகால் வழித்துவிட வேண்டும். தராசு இருந்தால் இன்னும் நல்லது, உன் அளவுக்கு 300 கிராம் வை. மறுநாள் உன் டீச்சர் சொன்னார் என்று ஓடிவந்து சொன்னாய்: சாமர்செட் ஊரில் உன்னைப் போல மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டுத்தான் 1997இல் சாக்லேட் சிப் குக்கியை மாசசூசெட்ஸின் அதிகாரப்பூர்வ குக்கியாக அறிவித்தார்கள் என்று. அன்று உன் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை.

வெண்ணெய்தான் அடுத்து கவனிக்க வேண்டியது. நீ மைக்ரோவேவில் உருக்கியிருப்பாய் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ட்ரேயில் எண்ணெய் பளபளத்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் வழுக்கி ஓடக்கூடாது. அந்தப் பதத்தில் சர்க்கரையோடு சேர்த்து, நிறம் வெளுக்கும்வரை மூன்று நிமிடம் அடி. சர்க்கரைத் துகள் வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே ஏற்றும். உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. பிரவுன் சுகரை விட்டுவிட்டு வெள்ளைச் சர்க்கரையை மட்டும் போடாதே. பிரவுன் சுகரில் இருக்கும் மொலாசஸ் என்ற கரும்புப்பாகுதான் ஈரத்தைப் பிடித்து வைத்து நடுவை மென்மையாக வைக்கிறது, அதன் புளிப்புதான் சோடாவை வேலை செய்ய வைக்கிறது. நாட்டுச் சர்க்கரை போட்டு ஒருமுறை செய்தேன். மணம் அருமை, ஆனால் அது வேறு பலகாரம்.

மாவு பிசைந்ததும் சுடாதே. ஒரு நாள் முழுக்க ஃப்ரிட்ஜில் வை. அதிரச மாவை ஆறப்போடுகிற மாதிரிதான். மைதா ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், வெண்ணெய் இறுகும், சுடும்போது நிறமும் மணமும் கூடும், பரவுவதும் குறையும். உன் பொறுமையின்மை எனக்குத் தெரியும், அதனால் இரவு பிசைந்து வைத்துவிட்டு மறுநாள் வேலை முடிந்து வந்து சுடு. பச்சை மாவைக் கரண்டியோடு வழித்துத் தின்னாதே. முட்டை மட்டுமல்ல, வேகாத மைதாவும் வயிற்றைக் கெடுக்கும்.

ஓரம் பொன்னிறமாகி, நடு இன்னும் வேகாதது போலத் தெரியும்போதே வெளியே எடு. பயப்படாதே. சூடான ட்ரேயிலேயே இரண்டு நிமிடம் இருக்கட்டும், அதற்குள் நடுவும் வெந்துவிடும். நடு வெந்தது தெரிகிறவரை உள்ளே விட்டால், ஆறியபின் கடிக்க முடியாது.

நாளை ஒரு பார்சல் அனுப்புகிறேன். ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன், ஏனென்றால் வாடகை வீட்டு ஓவன் 375 என்று காட்டினாலும் உள்ளே அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. ஒரு டின் குக்கியும் இருக்கிறது, பாதியில் அப்பா கேட்டுக்கொண்டபடி வால்நட் போட்டிருக்கிறேன். இரண்டாம் உலகப்போரில் இந்த ஊர் வீடுகளிலிருந்து வீரர்களுக்குப் பார்சலில் போன குக்கி இது, டென்வர்வரை தாங்கும்.

முதலில் ஆறு உருண்டை மட்டும் சுட்டுப் பார். மீதியை உருட்டி ஃப்ரீசரில் வை, சரியாக வராவிட்டாலும் மாவு வீணாகாது. என்ன மாற்றினாய், எத்தனை நிமிடம் வைத்தாய் என்பதை இந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுது. டென்வர் அளவு என்று தலைப்புப் போட்டு நான் காலியாக விட்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது ஒரு குக்கியை இரண்டாக உடைத்துக் காட்டு. மேல்பக்கத்தை விட நடுவைத்தான் நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா