சொல்லுக்கு முன்னே ஒரு கேள்வி

ரங்கூன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மோல்மீனில் மழை இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அப்படித்தான். மின்சாரம் வரும் நேரம் பார்த்துத்தான் எழுத உட்கார வேண்டியிருக்கிறது. என் முழங்கால் வலி பரவாயில்லை. பேத்தி பள்ளிப்படிப்பை முடித்துவிட்டாள். மேலே என்ன படிப்பது என்று வீட்டில் தினமும் பேச்சு. தங்கச்சிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அரிசியை அளந்து சாப்பிடச் சொல், விட்டுவிடாதே.

அப்புறம் நீ கேட்ட விஷயம். மருமகளோடு கத்தோலிக்கக் கோவிலுக்குப் போய்வர ஆரம்பித்திருக்கிறாய். சாமியார் கொடுத்த ஞானோபதேசப் புத்தகத்தைத் திறந்தால் வரிக்கு ஒரு சொல் வழிமறிக்கிறது, நல்ல அகராதி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் எங்கள் மெதடிஸ்ட் சபையில் சனிக்கிழமை வகுப்புக்குப் போவது உனக்குத் தெரியும். நானும் இந்தச் சொற்களோடு இப்போதுதான் பழகுகிறேன். ஆனாலும் ஒன்று உறுதியாகச் சொல்வேன்: அகராதியில் தொடங்காதே. திரித்துவம், கிருபை, நீதிமானாக்கப்படுதல் என்று நீ எழுதியனுப்பிய பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லும் யாரோ தவித்துக் கேட்ட ஒரு கேள்விக்குப் பதிலாக நிலைபெற்றது. முதலில் அந்தக் கேள்வியைத் தெரிந்துகொள். சொல் மறந்துபோனாலும் கேள்வி உன்னை அதனிடம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும்.

அதற்கு முன் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். உன் மருமகள் கத்தோலிக்கப் பெண். அவள் தூய ஆவி என்பாள், மீட்பு என்பாள், அருள் என்பாள், திருமுழுக்கு என்பாள். நான் கொடுத்த வேதாகமத்தில் அதே இடங்களில் பரிசுத்த ஆவி, இரட்சிப்பு, கிருபை, ஞானஸ்நானம் என்று இருக்கும். இவை வேறு வேறு கொள்கைகள் அல்ல, இரண்டு வீட்டுப் பேச்சு, அவ்வளவுதான். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டார் என்ற இரு தரப்பாரும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995இல் வந்தது. மருமகளிடம் அது இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படி.

சரி, எங்கே தொடங்குவது? பல புத்தகங்கள் கடவுளின் இலக்கணத்தில் தொடங்குகின்றன: சர்வ வல்லவர், சர்வ ஞானி, எங்கும் நிறைந்தவர். அது தவறில்லை. நாம் சிறு வயதிலிருந்து நம் இந்துக் கோவிலில் கேட்டு வளர்ந்த பேச்சுதான் அது, அதனால் உனக்கு அதில் புதிதாக எதுவும் பிடிபடாது. இரட்சிப்பில் தொடங்கு என்பேன். முதல் சீடர்கள் அங்கேதான் தொடங்கினார்கள். சிலுவையில் அறையப்பட்டவர் உயிரோடு எழுந்தார் என்று நம்பினார்கள். தங்கள் வாழ்க்கை தலைகீழாக மாறியதைக் கண்டார்கள். அதன் பிறகுதான் நமக்கு என்ன நடந்தது, இதைச் செய்தவர் யார் என்று கேட்டார்கள்.

நமக்கு என்ன நடந்தது என்ற கேள்விக்குப் அப்போஸ்தலர் பவுல் ஒரே சொல்லில் பதில் சொல்லவில்லை. ரோமில் இருந்த விசுவாசிகளுக்கு அவர் எழுதிய கடிதம், அதாவது ரோமர் நிருபம், அதன் மூன்றாம் அதிகாரத்தை எடு. 24, 25ஆம் வசனங்களில் ஒரே மூச்சில் மூன்று இடங்களுக்குப் போய்வருகிறார். மீட்பு என்கிறார்: அது அடிமையை விலை கொடுத்து விடுவிக்கும் இடத்துப் பேச்சு. நீதிமான்களாக்கப்படுதல் என்கிறார்: அது நீதிமன்றப் பேச்சு, நியாயாதிபதி ஒருவனைக் குற்றமற்றவன் என்று தீர்ப்பது. கிருபாதாரபலி என்கிறார்: அது எருசலேம் ஆலயத்தின் பேச்சு, பாவம் நீங்கச் செலுத்தும் பலி. ஐந்தாம் அதிகாரத்தில் ஒப்புரவாக்கப்படுதல் வருகிறது, பகைத்தவர்கள் சமாதானமாவது. எட்டாம் அதிகாரத்தில் புத்திரசுவிகாரம், பிள்ளையல்லாதவனைப் பிள்ளையாகச் சேர்த்துக்கொள்வது. என் சிபாரிசு இதுதான்: இந்த ஐந்து சொற்களையும் பொருள் எழுதி மனப்பாடம் செய்யாதே. ஒவ்வொன்றும் எந்த இடத்திலிருந்து வருகிறது, அந்த இடத்தில் மனிதன் எந்த நிலையில் நிற்கிறான் என்று பார். ஒரு இடத்தில் அடிமை, ஒரு இடத்தில் குற்றவாளி, ஒரு இடத்தில் தீட்டுப்பட்டவன், ஒரு இடத்தில் பகைவன், ஒரு இடத்தில் அநாதை. பாவம் என்ற சொல்லுக்கு உள்ள முழு அகலமும் அப்போது தெரியும். நாம் பாவம் என்றால் செய்த காரியத்தை மட்டும் நினைக்கிறோம். இங்கே அது மனிதன் சிக்கிக் கிடக்கும் நிலையும்கூட. உன் புத்தகத்தில் வரும் ஜென்மப் பாவம் என்ற சொல் அந்த நிலையைப் பற்றியது.

இதைச் செய்தவர் யார் என்ற இரண்டாவது கேள்வி நானூறு ஆண்டுக்கும் மேல் சபையைத் தூங்கவிடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்றொரு குருவானவர் இருந்தார். கடவுள் ஒருவரே, ஆகவே குமாரனாகிய இயேசு எவ்வளவு உயர்ந்தவரானாலும் படைக்கப்பட்டவரே, அவர் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு என்று போதித்தார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பேரரசன் கொன்ஸ்தந்தீன் 325இல் ஆயர்களை நிசேயாவுக்கு அழைத்தான். இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்று பெயர் பெற்றிருக்கும் ஊர் அது. அங்கே கூடியவர்கள் குமாரன் பிதாவோடே ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டார்கள். 2025இல் அதற்கு 1700 ஆண்டு நிறைந்ததை உலகமெங்கும் சபைகள் நினைவுகூர்ந்தன.

ஆயர்கள் கூடிய அந்தச் சங்கத்துக்கு இளம் உதவிக்குருவாகப் போயிருந்த அத்தனாசியுஸ் பிறகு அலெக்சாந்திரியாவின் ஆயரானார், இதற்காகத் திரும்பத் திரும்ப நாடுகடத்தப்பட்டார். அவர் வாதத்தைக் கேள்: படைக்கப்பட்ட ஒருவர் படைக்கப்பட்ட இன்னொருவரைக் கடவுளோடு சேர்க்க முடியாது. இயேசுவில் நாம் கடவுளோடு சேர்க்கப்பட்டிருக்கிறோம் என்றால், அவரில் வந்தவர் கடவுளேதான். பார்த்தாயா? இது ஏதோ எண் கணக்கு அல்ல. இரட்சிப்பு உண்மையா என்ற கேள்வி. 381இல் கொன்ஸ்தாந்தினோப்பிளில் கூடிய சங்கம் தூய ஆவியானவரையும் பிதாவோடும் குமாரனோடும் சேர்த்து வணங்கப்படுகிறவர் என்று அறிக்கையிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சொல்லப்படும் நிசேயா விசுவாசப் பிரமாணம் அங்கே முழு வடிவம் பெற்றது. பிதா, குமாரன், ஆவியானவர் மூவரும் ஒரே கடவுள் என்பதைக் குறிக்கும் திரித்துவம் என்ற சொல் வேதாகமத்தில் எங்கும் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு உண்மையாக நடந்துகொள்ள வேண்டுமென்றால் அந்தச் சொல் இல்லாமல் முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று யாராவது திரித்துவத்தை உனக்கு விளக்க வருவார்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள். ஆனால் அது ஒருவரே மூன்று வேடம் மாறுகிறார் என்ற போதனையில் கொண்டுபோய் விடும். சபெல்லியுஸ் பெயரால் அறியப்படும் அந்தப் போதனையை ஆதி சபை ஏற்கவில்லை. யோர்தான் ஆற்றில் குமாரன் நிற்கிறார், ஆவியானவர் இறங்குகிறார், பிதா பேசுகிறார். ஒருவரையொருவர் நேசிக்கிற மூவர், ஆனாலும் ஒரே கடவுள். எடுத்துக்காட்டு தேடாமல் மத்தேயு மூன்றாம் அதிகாரத்தில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் படிப்பது நல்லது என்பது என் எண்ணம்.

அவதாரம் பற்றிக் கேட்டிருந்தாய். நீயும் நானும் தசாவதாரக் கதை கேட்டு வளர்ந்தவர்கள், அதனால் இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். கிறிஸ்தவர்கள் சொல்லும் மனுவுருவாதல், அதாவது கடவுள் மனிதரானது, ஒரே ஒரு முறை நடந்தது, திரும்ப வராதது. அவர் மனித உடலை எடுத்துப் பின் விட்டுவிடவில்லை. உயிர்த்தெழுந்த பிறகும் மனிதராகவே இருக்கிறார். 451இல் கல்செதோன் சங்கம் அவர் ஒரே ஆள், முழுக் கடவுள், முழு மனிதர், இரு தன்மைகளும் கலக்காமலும் மாறாமலும் பிரியாமலும் பிரிக்கப்படாமலும் இருக்கின்றன என்று சொன்னது. சங்கம் எப்படி என்று விளக்கவே இல்லை என்பதைக் கவனி. எவற்றைச் சொல்லக்கூடாது என்று நான்கு பக்கமும் வேலி போட்டுவிட்டு, நடுவில் இருப்பதை வணக்கத்துக்கு விட்டுவிட்டது.

இனி கிருபை. இந்தச் சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்ததில் வகுப்பைவிட என் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பங்கு அதிகம். ஓய்வு பெற்ற பர்மிய ஆசிரியர், தவறாமல் சீலம் காக்கிற பௌத்தர். மாலையில் டீ குடித்துக்கொண்டே ஒரு நாள் கேட்டார்: தன் தீமையைத் தானே செய்கிறான், தன்னைத் தானே தூய்மையாக்கிக்கொள்கிறான், ஒருவன் மற்றொருவனைத் தூய்மையாக்க முடியாது என்று தம்மபதம் சொல்கிறது. அப்படியிருக்க, உங்கள் பாவத்தை இன்னொருவர் எப்படிச் சுமப்பார்? அது நீதிதானா?

அவர் கேள்வியில் கேலி இல்லை, நேர்மை இருந்தது. நாம் செய்ததற்கு நாமே பொறுப்பு என்பதை அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். வேதாகமமும் அதை விட்டுக்கொடுப்பதில்லை. விதைத்ததை அறுப்பாய் என்று கலாத்தியர் நிருபத்திலும் இருக்கிறது. ஆனால் சிக்கிக் கிடப்பவன் தன்னைத் தானே தூக்கிவிட முடியாதபோது என்ன? அந்த இடத்துக்குத்தான் கிருபை என்று பெயர். நீதியைத் தள்ளுபடி செய்வதல்ல அது. நீதிபதியே இறங்கிவந்து குற்றவாளியின் பக்கத்தில் நின்று அவன் பங்கைத் தாம் ஏற்பது. சுமக்கிறவர் யாரோ மூன்றாம் மனிதர் என்றால் ஆசிரியர் கேட்டது சரி, அது அநீதிதான். சுமக்கிறவர் கடவுளே என்றால்? அதனால்தான் நிசேயாவை முதலில் சொன்னேன். ஆசிரியர் வெகுநேரம் யோசித்துவிட்டு, எங்கள் தானம் முடிந்ததும் அஹ்மியா, அஹ்மியா, அஹ்மியா என்று புண்ணியத்தை எல்லோருக்கும் பங்கிடுகிறோமே, கொடுக்கிற ஆசை எங்களிடமும் இருக்கிறது என்றார். அந்த ஆசையை நான் மதிக்கிறேன் என்றேன். நாங்கள் ஒருவரையொருவர் மாற்ற முயலவில்லை. ஆனால் அவர் அழுத்திக் கேட்காமல் இருந்திருந்தால் கிருபை எனக்கு ஏதோ இரக்கம் என்ற அளவில் நின்றிருக்கும்.

இதே கேள்வி சபைக்குள்ளும் எழுந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் பெலாகியுஸ் என்ற துறவி, மனிதன் முயன்றால் நன்றாக வாழ முடியும் என்று அழுத்திச் சொன்னார். வட ஆப்பிரிக்காவில் அகுஸ்தீன், முயலும் மனசையே கடவுள்தான் தர வேண்டும் என்று பதில் சொன்னார். எங்கள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இன்னொன்றை அழுத்தினார்: நாம் தேடும் முன்பே நம்மை முந்திக்கொண்டு வரும் கிருபை. நீ மருமகளோடு கோவில் வாசல்வரை போய் நின்றாய் அல்லவா, நான் அதையும் அந்தக் கணக்கில்தான் வைப்பேன்.

நீதிமானாக்கப்படுதல் பற்றி மருமகளுக்கும் எனக்கும் சண்டை வருமோ என்று பயந்திருக்கிறாய். பழைய பிளவுதான். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் அதைத் தீர்ப்பாகப் பார்த்தார். 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் உள்ளே நடக்கும் புதுப்பித்தலும் அதில் அடங்கும் என்றது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபைகளின் உலக ஒன்றியமும், அடிப்படையில் நாங்கள் ஒத்துப்போகிறோம் என்று கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006இல் உலக மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தோம். ஆகவே பயப்படாமல் அவளிடமே கேள்.

சபை, திருவிருந்து, இறுதி நியாயத்தீர்ப்பு, இவையெல்லாம் இப்போது வேண்டாம். பூசையில் நின்று பார்க்கப் பார்க்க அவற்றில் பாதி தானாகப் புரியும், மீதிக்கு மழைக்காலம் முடிந்த பிறகு வருவோம்.

இன்னொன்று. அமெரிக்க மிஷனரி ஜட்சன் ரங்கூனில் வந்திறங்கியது 1813இல். முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819இல். வேதாகமம் முழுவதையும் பர்மிய மொழியில் முடித்தது 1834இல், உன் மோல்மீனில் இருந்துகொண்டு. ஆவாவில் சிறையிருந்தும், மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தும் விடாமல் செய்த வேலை. அவருக்கே அத்தனை ஆண்டு ஆனது என்றால், ஒரு மாதத்தில் புரியவில்லையே என்று நீ வருத்தப்படுவதில் நியாயமில்லை.

இந்த வாரம் ரோமர் மூன்று, ஐந்து, எட்டு அதிகாரங்களை மட்டும் படி. புரியாத சொல்லின் கீழே கோடு போடாதே. அந்த இடத்தில் உனக்கு என்ன கேள்வி வருகிறது என்று ஓரத்தில் எழுது. அந்தக் கேள்விகளை அப்படியே எனக்கு அனுப்பு. எனக்குப் பதில் தெரியாதவற்றைப் போதகரிடம் கேட்டு எழுதுகிறேன். உன் சாமியார் என்ன சொன்னார் என்பதையும் எழுது, நானும் கற்றுக்கொள்ள வேண்டும்.

தீபாவளிக்கு ரங்கூன் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். மேல்மாடி அறையை ஒழித்து வைக்கச் சொல்கிறேன். வரும்போது தங்கச்சியின் மருந்துச் சீட்டையும் கொண்டுவா. மோல்மீனில் கிடைக்கவில்லை என்றாயே, அந்த மாத்திரையை இங்கே விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்