முப்பத்தாறில் பதினேழு போக

கானாடுகாத்தான்
ஞாயிறு இரவு

அன்புள்ள பெரியவளுக்கு,

நீ போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் இல்லை, ஆத்தா. நீ கேட்டது நியாயமான கேள்விதான். பதில் சொல்லத் தெரியாமல் நான் வாயடைத்து நின்றதுதான் நெஞ்சை அறுக்கிறது. பேச்சில் வராதது எழுத்தில் வரும் என்று உன் அம்மா காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

உன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் காலை எட்டு மணியிலிருந்து பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். நாற்பது வயதுக்காரர் ஒருவர், படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கோடு வருகிறார். அவர் முன்னாள் படைவீரர், முன்னுரிமைப் பிரிவில் பதிய வேண்டியவர் என்று நீ அவரை முதலில் கூப்பிட்டாய். வரிசையில் நின்ற ஒரு பையன், "இவருக்குத்தான் மாதாமாதம் பென்ஷன் வருகிறதே, இன்னும் எதற்கு வேலை?" என்று உரக்கக் கேட்டான். உனக்கும் அது சரியென்று பட்டது. "காத்து நிற்கும் பிள்ளைகளைத் தாண்டி அவருக்கு ஏனப்பா முதல் இடம்?" என்று என்னையே கேட்டாய். இளநிலை வேலைவாய்ப்பு அலுவலராக நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. இப்போதே கேட்டது நல்லது. பத்து வருடம் கழித்து எந்தக் கேள்வியும் இல்லாமல் கோப்பைத் தள்ளிக்கொண்டிருந்தால்தான் எனக்குக் கவலை.

நான் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, 1982இல், என்னோடு படித்தவர்களுடன் சிவகங்கைக்குப் பஸ் ஏறிப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். எல்லாருக்கும் ஒரே வாரத்துப் பதிவு எண். 1984இல் ஆளெடுப்பு நடந்தது, நான் பட்டாளத்துக்குப் போய்விட்டேன். அப்போது எனக்கு வயது 19. கூட்டாளிகள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பதிவைப் புதுப்பித்து வந்தார்கள். நான் எங்கே புதுப்பிப்பது? ஜம்முவில் இருப்பவன் சிவகங்கை வரிசையில் நிற்க முடியுமா? என் பதிவு காலாவதியானது. அது காலாவதியானதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்று அதைப் பெரிதாக எண்ணியிருக்க மாட்டேன்.

2001இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தேன். பதினேழு வருட சேவை. சிப்பாயையும் ஹவில்தாரையும் முப்பத்தைந்து, நாற்பதிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களே, ஏன் தெரியுமா? படை எப்போதும் இளமையாக இருக்க வேண்டும். மலை ஏறுவதற்கு ஐம்பது வயதுக்காரன் உதவ மாட்டான். ஆகவே எங்கள் இளமையை நாடு எடுத்துக்கொண்டு, நடுவயதில் எங்களைத் திருப்பிக் கொடுக்கிறது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் பிற உத்தியோகங்களில் ஒருவன் பதவி உயர்வை எண்ணத் தொடங்கும் வயதில், நான் மறுபடியும் பதிவு அட்டைக்கு விண்ணப்பித்தேன். அப்போது உனக்கு ஐந்து வயது, உன் தம்பி கைக்குழந்தை. எனக்கு வந்த பென்ஷன் வீட்டு வாடகைக்கும் அரிசிக்குமே சரியாக இருந்தது. அந்தப் பையன் கேட்டதற்கு இதுவும் ஒரு பதில்.

என்னோடு பதிந்தவர்களுக்கு அன்று பத்தொன்பது வருடப் பதிவு மூப்பு. எனக்கு ஒரு நாள். பதிவு மூப்பு பார்த்துத்தான் பரிந்துரை என்றால், நான் ஆயுள் முழுக்கக் காத்திருந்தாலும் அவர்களுக்குப் பின்னால்தான். நான் அந்த வரிசையில் இல்லாமல் போனது சோம்பலாலா, ஊர் சுற்றியதாலா? 1999 கோடையில் ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜோஜி லா கணவாயைத் தாண்டி திராஸ் பக்கம் வந்தால், மேலே மலையிலிருந்து குண்டு விழும். இரவில் முகப்பு விளக்கை அணைத்துவிட்டு, முன்னால் போகும் வண்டியின் நிழலை வைத்தே ஓட்டுவோம். அந்த இரவுகளில்தான் என் பதிவு மூப்பு கரைந்தது.

முன்னுரிமை என்ற சொல்லை நீ சலுகை என்று படிக்கிறாய். பாக்கி என்று படித்துப் பார். வரிசையில் ஒருவனுடைய இடத்தை நாடே காலி செய்தது. அவன் திரும்பி வந்ததும் நாடே அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. இதைத்தான் நான் போனில் சொல்ல நினைத்தேன்.

நம் ஊரில் இது புதிய வழக்கமும் இல்லை. அந்தக் காலத்தில் செட்டியார்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனார்கள். ஆள் ரங்கூனில் இருப்பார், ஊர்க் கோயிலில் அவர் புள்ளி, அதாவது கணக்கில் அவர் குடும்பத்தின் இடம், அப்படியே இருக்கும். வரி அவர் பேரில் எழுதப்படும், மரியாதையும் அவர் பேரில் நிற்கும். கண்ணில் படவில்லை என்பதற்காக அவர் புள்ளியை யாரும் அழித்துவிடவில்லை. நான் காவல் இருந்த வீட்டின் பெரிய ஆச்சி ஒருநாள் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொன்னார்கள். "போனவனுக்கு இடம் வைக்காத ஊர், ஊரா தம்பி?" என்று கேட்டார்கள். அப்போது நான் பட்டாளத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. பேச்சு அவர்கள் மாமனாரைப் பற்றியது. ஆனாலும் அந்தச் சொல் எனக்காகவே சொன்னது போல மனதில் தங்கிவிட்டது.

ஆமாம், நான் காவல்காரனாக இருந்த இரண்டு வருடம் உனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கும். ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை என்று நீளும் பூட்டிய வீடு. ராத்திரி பத்து மணிக்குப் போய் விடியற்காலை ஐந்துக்கு வருவேன். வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், தூண் தூணாக டார்ச் அடித்து நடக்கும்போது, பதினேழு வருடத்தில் கற்ற எல்லாம் இதற்குத்தானா என்று தோன்றும். காவல் வேலை இழிவென்று சொல்லவில்லை, அந்தச் சம்பளத்தில்தான் நீ பள்ளியில் சேர்ந்தாய். ஆனால் கனரக வண்டி ஓட்டவும், பிரித்து மாட்டவும் தெரிந்த ஒருவனுக்கு டார்ச் லைட் மட்டும் கொடுப்பது நாட்டுக்கே நட்டம்.

அந்த நாட்களில் ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பத்தோடு போனேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். அங்கே இருந்தவர் என் புத்தகத்தைத் திறக்காமலே, "36 ஆகிவிட்டதே, வயது வரம்பு முடிந்துவிட்டது" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் பொல்லாதவர் அல்ல. விதியைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். முன்னாள் படைவீரரை மத்திய அரசு வேலைகளில் மறுபடி அமர்த்தும் விதிகள் 1979இலேயே வந்துவிட்டன. அதற்கடுத்த வாரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் பென்சிலால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினார்: 36இல் 17 போக 19. "உண்மையான வயதிலிருந்து படைச் சேவைக் காலத்தைக் கழிக்க வேண்டும். மிச்சம் வருகிற வயது, அந்த வேலையின் வரம்பை மூன்று வருடத்துக்கு மேல் தாண்டக் கூடாது. உங்களுக்கு வயது 19 ஐயா, தாராளமாக விண்ணப்பிக்கலாம்" என்றார்.

பெரியவளே, அந்தச் சீட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஊரை விட்டு ரயில் ஏறிய நாளில் எனக்கு அதே 19 வயது. அரசாங்க விதி ஒன்று ஒரு மனிதனை அவன் விட்டுப்போன இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது. அன்று பஸ்ஸில் காரைக்குடி ஐந்து விளக்கு வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

இனி உன் வேலைக்கு வேண்டியவை சில. மத்திய அரசில் எழுத்தர் போன்ற சி பிரிவுப் பணிகளில் 10 சதவீதமும், கடைநிலைப் பணிகளான பழைய டி பிரிவில் 20 சதவீதமும் எங்களுக்கு ஒதுக்கீடு. பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் அது சி பிரிவில் 14.5, டி பிரிவில் 24.5 சதவீதம். இதில் 4.5 சதவீதம் ஊனமுற்ற படைவீரர்களுக்கும், போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும். வங்கியில் துப்பாக்கிக் காவலராக எனக்கு 2003இல் வேலை கிடைத்தது இந்த வழியில்தான். நம் மாநிலக் காவல்துறைத் தேர்விலும் 5 சதவீதம் உண்டு. பத்தாம் வகுப்போ அதற்கு ஈடான ராணுவக் கல்விச் சான்றிதழோ பெற்று 15 வருடம் சேவை செய்தவர், பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசின் சி பிரிவு ஒதுக்கீட்டுப் பணிகளுக்கும், தொழில்நுட்ப அனுபவம் கேட்காத இடங்களில், தகுதியுள்ளவராகக் கருதப்படலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. உனக்கு முன்னால் நிற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். இத்தனை இருந்தும் ஒதுக்கிய இடங்கள் பல நிரம்பாமலே கிடக்கின்றன. ஆள் இல்லாமல் அல்ல, ஆளுக்கும் இடத்துக்கும் நடுவில் எடுத்துச் சொல்ல யாரும் இல்லாமல்.

அமெரிக்காவில் இருக்கும் உன் தம்பியிடமும் இதைப் பேசினேன். அங்கே 2002இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். தொழிலாளர் துறைப் பணத்தில் நடக்கும் வேலை தேடும் மையங்களிலும் பயிற்சிகளிலும் முன்னாள் படைவீரருக்கு முதலில் சேவை. உயிரிழந்த வீரரின் மனைவி போன்றவர்களுக்கும் அது உண்டு. உள்ளே வரும்போதே, படையில் இருந்தவரா என்று தெரிந்துகொள்ள வழி செய்ய வேண்டுமாம். எனக்கு அதுதான் பிடித்தது. ஏனென்றால் எங்கள் ஆட்கள் வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். பதினேழு வருடம் கொடுத்ததை வாங்கிப் பழகியவர்கள். நீ கேட்காவிட்டால் வரிசையின் கடைசியில் பேசாமல் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தப் பையனையும் நான் மறக்கவில்லை. அவன் வீட்டிலும் ஒரு தாய் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவனுக்கு நீ பொறுமையாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. முன்னுரிமை என்றால் தகுதியைத் தள்ளிவைப்பது ஆகாது. கேட்ட படிப்போ உடல் தகுதியோ இல்லாவிட்டால் படைவீரருக்கும் இல்லைதான். அந்த ஒதுக்கீட்டில் ஒருமுறை அரசு வேலையில் சேர்ந்துவிட்டால், பொதுவாக மறுபடியும் அதே ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. படையிலிருந்து ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டவர் இதில் வரவே மாட்டார். அவனை உண்மையில் காக்க வைப்பது, எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருக்கும் வேலைகள்தான். வரிசையில் அவன் முன்னால் நிற்கும் ஒரு வயதான சிப்பாயின் மீது அந்தக் கோபம் விழக் கூடாது. அவனுக்கு ராணுவத்தில் சேர ஆசை இருந்தால், அதையும் கேட்டு வழி சொல்.

இன்னொன்றும் வருகிறது. 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் தொகுதி நான்கு வருடம் முடித்து வெளியே வரும் காலம் நெருங்கிவிட்டது. நால்வரில் ஒருவர் வரைதான் படையில் தொடர்வார்கள். மற்றவர்கள் பென்ஷன் இல்லாமல், கையில் ஒரு தொகையோடு, இருபதுகளிலேயே ஊர் திரும்புவார்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளில் அவர்களுக்கு ஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள். ஆனால் எல்லாருமா மறுபடி சீருடை போடுவார்கள்? தேவகோட்டையிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் போன பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். அவர்கள் உன் மேசைக்கு வருவார்கள். என்னைவிட அவர்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இத்துடன் என் டிஸ்சார்ஜ் புக்கின் நகலை வைத்திருக்கிறேன். எந்தப் பக்கத்தில் சேவைக் காலம், எங்கே ட்ரேட் என்கிற படைத் தொழில், எங்கே நடத்தை என்று பென்சிலால் குறித்திருக்கிறேன். நடத்தை என்ற இடத்தில் 'எக்செம்ப்ளரி' என்று இருக்கும், அதைவிட உயர்ந்த மதிப்பு அந்தப் புத்தகத்தில் கிடையாது. ட்ரேட் என்று ஒரே சொல்லில் போட்டிருப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் வெளியுலகத்து வேலைகள் நான்கைந்து அடங்கியிருக்கும். அவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

அம்மா தேன்குழலும் கவுனி அரிசியும் கட்டி வைத்திருக்கிறாள், புதன்கிழமை பஸ்ஸில் வரும். வெயிலில் அலையாதே.

அந்த நாற்பது வயதுக்காரர் மறுபடி வந்தாரா? வந்தால் உட்கார வைத்து, என்ன ட்ரேட், எந்த ரெஜிமென்ட் என்று கேள். எனக்கும் எழுது.

அன்புடன்,
அப்பா